இணைப்பில் ஒரு சேவல்

ஹுதியாபா, பிப்ரவரி 9

அன்புத் தங்கச்சி எர்மிந்தாவுக்கு,

எல்லாம் நான் அன்றைக்கே சொன்னதுதான். உன் மகன் நஹூன் மூன்று வயதில் காலி டம்ளரைக் காதில் வைத்துக்கொண்டு "அலோ, அலோ" என்று திரிந்தானே, அப்போதே சொன்னேன்: "இந்தப் பயல் அமெரிக்காவில் வேலை பார்ப்பான், ஆனால் ஹோண்டுராஸை விட்டு ஒரு அடி நகர மாட்டான்" என்று. ரொட்டிக்கடை வாசலில் நாலு பேர் முன்னால் சொன்னேன். மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், நாலாவது ஆளுக்குக் காது கேட்காது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்தக் காகிதம் உன் கைக்கு வருவதற்குள் வலி விட்டிருக்க வேண்டும் என்று மாதாவிடம் கறாராகப் பேசியிருக்கிறேன். இங்கே நானும் உன் அண்ணி தெல்மாவும் பையனும் சுகம்.

விஷயம் இதுதான். போலாரின் என்று ஒரு பிரிட்ஜ் கம்பெனி, உங்கள் நாட்டுக் கம்பெனி. அதில் நஹூனுக்கு வேலை. உங்கள் நியூ ஆர்லியன்ஸில் ஒருத்திக்கு பிரிட்ஜ் குளிரவில்லை என்று வை. போன் போடுவாள். ஸ்பானிஷ் பேசுகிறவள் என்றால் இரண்டை அமுக்குவாள். அந்த அழைப்பு கடல் தாண்டி வந்து நம் பின்கட்டு அறையில் விழும். நஹூன் காதில் மாட்டிக்கொண்டு, "கவலைப்படாதீங்க, பின்னாடி இருக்கிற பிளக்கைப் பாருங்க" என்பான். எந்த ஊரிலிருந்து பேசுகிறோம் என்று மட்டும் சொல்லக் கூடாது. சட்டம்.

அறைச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறான், வெளிச் சத்தம் வராமலிருக்க. கதவில் தெல்மாவின் பழைய மெத்தை. எட்டிலிருந்து ஐந்து வரை நான் தண்ணீர் மோட்டார் எதையும் வீட்டில் ஓட்டிப் பார்க்கக் கூடாது. இருமல் வந்தால் ஆற்றங்கரைக்குப் போய் இருமிவிட்டு வருகிறேன். நம் சேவல் கர்னலுக்கு மட்டும் விலக்கு. அவன் இஷ்டத்துக்குக் கூவுகிறான். கம்பெனியின் பெரிய அதிகாரியே கேட்டுவிட்டு, "அந்தச் சேவல் இருக்கட்டும், வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கிறது" என்று தனி உத்தரவு போட்டிருக்கிறாராம். வேலை முடிந்ததும் நஹூன் உள்ளங்கையில் சோளம் வைத்து அவனுக்கு ஊட்டுகிறான்.

உன்னைப் பற்றியும் கேட்டான். வாயால் இல்லை, கண்ணால்.

போன் பண்ணாதே. நீ அழுகிறாய், நான் அழுகிறேன், தெல்மா பிடுங்கி வைத்துவிடுகிறாள். பெட்டிக்காரி மிரியான் மாசத்துக்கொரு தரம் எல்லோர் சாமானையும் சுமந்துகொண்டு பறந்து வருகிறாளே, அவள் பெட்டியில் சீஸோடு காகிதம் போட்டால் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

உன் அண்ணன்,
ஆற்றுக்கு இந்தப் பக்கத்தின் ஒரே மோட்டார் மெக்கானிக்,
எவாரிஸ்தோ


நியூ ஆர்லியன்ஸ், பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணா,

நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அதுவே போதும். உன் ரத்த அழுத்த மாத்திரையை வேளைக்குப் போடு. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

சீஸ் வந்தது. காகிதமெல்லாம் சீஸ் வாசனை. ஹோட்டலில் அறை கூட்டிவிட்டு வந்து படித்தேன். பிறகு இன்னொரு தரம் படித்தேன்.

கண்ணால் கேட்டான் என்று எழுதியிருக்கிறாய். அண்ணா, வாயால் என்ன கேட்டான்?

கடைசியாக அவன் என்னோடு போனில் பேசியபோது பன்னிரண்டு வயது. பொம்பளைப் பிள்ளை குரல் மாதிரி இருக்கும். "ஒன்பது மாசம்னு சொன்னீங்க, அஞ்சு வருஷமாச்சு. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்றான். அதற்குப் பிறகு வரவேயில்லை. போட்டோ அனுப்புகிறாய், மீசை தெரிகிறது. குரல் எப்படி இருக்கும் என்று போட்டோவில் தெரியவில்லை. கொஞ்சம் எழுது.

உன் தங்கை,
எர்மிந்தா


ஹுதியாபா, மார்ச் 20

அன்புத் தங்கச்சி,

நாங்கள் குண்டுக்கல் மாதிரி இருக்கிறோம். நீயும் அப்படியே இரு.

குரலா கேட்கிறாய்? பிஷப்புக்கு அந்தக் குரல் இருந்தால் நம் கோயிலில் இடம் கிடைக்காது. தேனில் ஊறப்போட்ட முரசு என்று வைத்துக்கொள். டெக்ஸாஸில் ஒரு விதவை, அவள் பிரிட்ஜில் ஒரு பழுதும் கிடையாது, வாராவாரம் கூப்பிடுகிறாள், இவன் குரலைக் கேட்கத்தான். தெல்மா இதைப் படித்துவிட்டு, "ஏங்க, டெக்ஸாஸ் விதவை உங்க கிட்ட வந்து சொன்னாளா?" என்கிறாள். இந்தப் பெண்பிள்ளைக்கு நுட்பம் போதாது.

உன் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். நீயும் கூப்பிடலாம். யார் தடுப்பார்கள்? ஆனால் நூற்றுக்கணக்கான பேர் அந்த இணைப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஊர் ஊராக, நாடு நாடாக. கம்பெனி ஒவ்வொருத்தனுக்கும் வேறு பேர் வைத்திருக்கிறது, பேர் சொல்லிக் கேட்க முடியாது. அதனால் ஒன்று சொல்கிறேன், மனசில் வை. பேசுகிறவனுக்குப் பின்னால் சேவல் கூவினால் அது நம் வீடு. வேறு எவனுக்கும் சேவல் அனுமதி இல்லை.

இன்னும் பெரிய செய்தி. புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க நஹூனைத் தலைமை ஆபீசுக்கே கூப்பிடப் போகிறார்களாம். முறையான வேலை விசாவோடு. மேல் அதிகாரி சொல்லிவிட்டாள். ஏப்ரல் கடைசியில் தலைநகரத்தில் நேர்காணல். அந்தத் தலைமை ஆபீஸ் ஊரிலிருந்து உன் ஊருக்கு பஸ் இருக்கிறதாமே. இதையும் நான் முன்னாலேயே கனவில் கண்டேன், தெல்மாவை எழுப்பிச் சொல்லியிருக்கிறேன், அவள் மறந்துவிட்டாள்.

உன் அண்ணன்,
கனவுகளை வீணாக்காத,
எவாரிஸ்தோ


நியூ ஆர்லியன்ஸ், ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகமாக இருங்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்காதே, கால் தரையில் படவில்லை.

தெருவில் ஒருவர் வீடு காலி பண்ணும்போது போலாரின் பிரிட்ஜ் ஒன்றை விட்டுவிட்டுப் போனார். பக்கத்து அறைப் பெண்கள் இரண்டு பேரோடு மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்தேன். நன்றாகவே ஓடுகிறது, சனியன். அதனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கூப்பிடுகிறேன், பொய் சொல்ல எனக்கு வராது. லீவு நாளில் மட்டும். இதுவரை இரண்டு பெண்கள், தொண்டை கட்டின ஒரு பெரியவர், தூங்கி வழிந்த ஒரு பையன். சேவல் இல்லை. சொன்னதையெல்லாம் செய்கிறேன், பிளக்கை மாட்டுகிறேன், "சரியாயிடுச்சுங்க, நன்றி" என்று வைத்துவிடுகிறேன்.

ஒரு விஷயம். நேர்காணலில் என்னைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லச் சொல். நண்டு உரிக்கிற ஆலைக்கு ஒன்பது மாத வேலை விசாவில் வந்தவள், திரும்பிப் போகவில்லை. அவர்கள் கம்ப்யூட்டரில் அது இருக்கும். இன்னும் ஒரு சீசன், இன்னும் ஒரு சீசன் என்று இருந்துவிட்டேன். அதை மறைக்க வேண்டாம்.

அவன் ஷூ அளவு என்ன? நேரில் கொடுக்க ஒன்று வாங்கி வைக்கிறேன்.

எர்மிந்தா


ஹுதியாபா, ஜூன் 2

அன்புத் தங்கச்சி,

இரண்டு தரம் மிரியான் வந்து போய்விட்டாள், காகிதம் கொடுக்கவில்லை என்று வருத்தப்பட்டிருப்பாய். மோட்டார் வேலை தலைக்கு மேல். உடம்புக்கு ஒன்றுமில்லை, எல்லோருக்கும் நல்ல சுகம்.

விசா கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது.

நானும் கூடப் போனேன். என் கல்யாண ஷூவை அவனுக்குப் போட்டுவிட்டேன், முன்னால் காகிதம் திணித்து. காத்திருந்த கூட்டத்தில் இவன்தான் ராஜா. காவல்காரன் சல்யூட் அடிக்கப் பார்த்தான், கடைசி நேரத்தில் கையை இறக்கிவிட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரிக்கு அன்றைக்கென்று பார்த்துப் பல்வலி. கன்னம் இப்படி வீங்கியிருந்தது. பல்வலிக்காரன் கையில் யாருடைய தலையெழுத்தும் அகப்படக் கூடாது. கேள்வி கேட்டார்கள். பதில் சொன்னான். வெளியே வந்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் மட்டுமே பேசினேன், ஏழு மணி நேரமும். சோளப்பொரி வாங்கிக் கொடுத்தேன், மடியில் வைத்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் எட்டு மணிக்கு மெத்தைக் கதவைச் சாத்திக்கொண்டான். "போலாரினுக்கு வரவேற்கிறோம், உங்கள் நாள் இனிதாக இருக்கிறதா?" என்று சிரித்த குரலில் சொன்னது எனக்கு வாசலில் கேட்டது.

ஷூ அளவு நாற்பத்திரண்டு.

உன் அண்ணன்,
எவாரிஸ்தோ


நியூ ஆர்லியன்ஸ், ஜூன் 19

அண்ணா,

நீங்கள் சுகமென்றால் சந்தோஷம். நான் சுகம்.

என்னைப் பற்றிக் கேட்டார்களா? அவன் என்ன சொன்னான்?

எர்மிந்தா


ஹுதியாபா, ஜூலை 30

அன்புத் தங்கச்சி,

இங்கே மழை, கொசு, மற்றபடி எல்லோரும் சுகம். உன் முழங்காலுக்குத் தெல்மா ஒரு பச்சிலைத் தைலம் அனுப்பியிருக்கிறாள். குடித்துவிடாதே, தடவ.

இந்த வருஷம் மாங்காய் ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு. மேயரே வந்து மரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். கர்னல் ஒரு நாயின் குரல்வளையைக் கவ்வப் பார்த்தான், நாய் ஊரைவிட்டே போய்விட்டது. காலையில் அவன் கூவினால் நஹூன், "கர்னல், டூட்டி நேரம், அடங்கு" என்பான். உடனே அடங்குவான். அப்படி ஒரு ஒழுக்கம்.

"அங்கே உங்க குடும்பத்துல யாராவது இருக்காங்களா?" என்று எல்லோரிடமும்தான் கேட்கிறார்கள். அது ஒரு சம்பிரதாயம். அவனும் சின்னதாக ஒரு வார்த்தை சொன்னான். ஒரே ஒரு வார்த்தைக்காக நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அவர்கள் கம்ப்யூட்டரும் பதிலுக்கு ஏதோ சொன்னது.

மாங்காய் நான்கு வைத்திருக்கிறேன். மிரியான் இரண்டு என்று சொன்னால் நம்பாதே.

உன் அண்ணன்,
மேயர் தேடி வருகிற,
எவாரிஸ்தோ


நியூ ஆர்லியன்ஸ், செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணா,

நீ, அண்ணி, என் மகன், மூன்று பேரும் நூறு வயசு இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் இந்த வாக்கியத்தை நினைத்து எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன ஞாயிற்றுக்கிழமை. பிளக்கைப் பிடுங்கினேன், கூப்பிட்டேன், இரண்டை அமுக்கினேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, வைத்துவிடலாம் என்று பார்த்தேன். அப்போது எடுத்தான். பேர் மார்லன் என்றான். "உங்க பிரிட்ஜுக்கு என்ன ஆச்சு சென்யோரா?"

குளிரவில்லை என்றேன். மாடல் நம்பர் கேட்டான். படித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் கூவியது அண்ணா. நீளமாக. நடுவில் ஒரு உடைசல், மறுபடி நீளமாக.

நம்பரைப் பாதியில் விட்டுவிட்டேன்.

"மன்னிச்சுக்கோங்க சென்யோரா, பக்கத்து வீட்டுச் சேவல்" என்றான். கம்பெனிக்குப் பயந்து சொல்கிறான் என்று புரிந்துகொண்டேன். நானும் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லாம் பதிவாகிறது என்று ஆரம்பத்திலேயே சொல்கிறார்களே. அதனால் வேறு யார் கதையோ போலச் சொன்னேன்.

"தம்பி, ஒரு நிமிஷம் ஒண்ணு சொல்லலாமா? பிரிட்ஜைப் பத்தி இல்ல."

"சொல்லுங்க."

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி. ஏழு வயசுப் பிள்ளைகிட்ட ஒன்பது மாசத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுக் கிளம்பினா. கிறிஸ்துமஸுக்குள்ள வந்துடுவேன்னு சத்தியம் பண்ணினா. பஸ் கிளம்பும்போது அவன் கையாட்டல, ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டே ஓடி வந்தான். அவ முகத்தைத் திருப்பிக்கிட்டா. இப்ப அந்தப் பிள்ளைக்கு இருபத்திநாலு வயசு. அவளுக்குப் போக வெக்கம். அவன் என்ன நினைப்பான்?"

அவன் பேசவில்லை. மூச்சு கேட்டது. சேவல் மறுபடி கூவியது. பேசாமலிருந்தால் அவர்களுக்குத் திட்டு விழும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனாலும் பேசாமல் இருந்தான்.

பிறகு சொன்னான்: "அவன் கோபமா இருப்பான். கோபம் இருந்தாலும் காத்துக்கிட்டுத்தான் இருப்பான். கிளம்பச் சொல்லுங்கம்மா."

சென்யோரா என்று ஆரம்பித்தவன் அம்மா என்று முடித்தான்.

"வேற ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டான், அவர்கள் கேட்டாக வேண்டுமாமே. வேண்டாம் என்றேன். ஆனால் அவன் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. 

நீ சொன்னது பொய். முரசு மாதிரியெல்லாம் இல்லை. மெல்லிய குரல், லேசாக மூக்கடைத்த மாதிரி. சளி பிடித்திருக்கிறதா? அந்தத் தைலத்தை அவனுக்குத் தடவச் சொல் அண்ணியை.

உன் தங்கை,
எர்மிந்தா


நியூ ஆர்லியன்ஸ், அக்டோபர் 20

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகம்தானே? மிரியான் இந்தத் தடவை வெறும் சீஸோடு வந்தாள். "அவரு கடிதம் ஒண்ணும் தரல, என்னைப் பார்த்ததும் கொல்லைப்பக்கம் போயிட்டாரு" என்றாள். உனக்கும் கண் கலங்கியிருக்கும், எழுத வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வருகிறேன். நவம்பர் கடைசியோடு நின்றுவிடுகிறேன் என்று ஹோட்டலில் சொல்லிவிட்டேன். டிசம்பர் பன்னிரண்டு மிரியான் போகிற விமானத்திலேயே எனக்கும் இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், உன் பதிலை எடுத்துக்கொண்டு அவள் வந்ததும் டிக்கெட் போட்டுவிடுவோம். ஒரு தரம் வெளியே போனால் திரும்ப விட மாட்டார்கள், தெரியும். திரும்ப எதற்கு? கிளம்பச் சொன்னது அவன்தானே. கிறிஸ்துமஸுக்குள் என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன். எந்தக் கிறிஸ்துமஸ் என்று சொல்லவில்லை.

பிரிட்ஜைப் பக்கத்து அறைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டேன். நாற்பத்திரண்டு ஷூ பெட்டியில் இருக்கிறது. நான் வருவதை அவனிடம் நீ சொல்லு, நீதான் அழகாகச் சொல்வாய்.

எர்மிந்தா


ஹுதியாபா, நவம்பர் 8

அன்புத் தங்கச்சி எர்மிந்தாவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். முழங்கால், மனசு, எல்லாம். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

இந்தத் தடவை நான் எதையும் முன்னாலேயே சொல்லவில்லை. எதையும் கனவில் காணவும் இல்லை.

உன் செப்டம்பர் கடிதம் வந்த நாளிலிருந்து நாலைந்து காகிதம் கிழித்துவிட்டேன். தெல்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். "ஏங்க, இதுக்கு மேல ஜோடிக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். அக்டோபர் கடிதம் வந்ததும், "டிக்கெட் போடறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க, இல்லேன்னா நான் எழுதுவேன்" என்றாள். அவளுக்கு எழுத வராது, ஆனால் எழுதிவிடுவாள்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் நஹூனிடம் சொன்னேன். "உங்க அம்மா வரலாம்னு இருக்கா" என்றேன். அழகாகச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய், அவ்வளவுதான் வந்தது. அவன் தலை நிமிரவில்லை. தோர்த்தியா ரொட்டி ஒன்று எடுத்தான், பீன்ஸைத் தொட்டுச் சாப்பிட்டான், இன்னொன்று எடுத்தான். தண்ணீர் குடித்தான். எழுந்துபோகும்போது சொன்னான்: "எட்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் வீட்ல சத்தம் கூடாதுன்னு சொல்லிடுங்க மாமா."

அவ்வளவுதான். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இது அவன் வாயால் சொன்னது எர்மிந்தா. நான் கட்டியதில்லை என்று எப்படி நம்புவாய் என்றால், நான் கட்டியிருந்தால் இதைவிட நல்லதாகக் கட்டியிருப்பேன். அவனை அழவைத்திருப்பேன், உன் கட்டிலை விரிக்கவைத்திருப்பேன்.

அந்த அதிகாரிக்குப் பல்வலி இல்லை. அங்கே யாரும் இல்லை என்றான் நஹூன், கம்ப்யூட்டர் உன்னைக் காட்டியது, விசா கிடையாது என்றார்கள்; அதை நீ எப்போதோ கண்டுபிடித்திருப்பாய். அதை விடு.

கம்பெனியில் நஹூனுக்கு வைத்த பேர் ஆந்த்ரேஸ். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு, பையன்களோடு பந்து விளையாடப் போய்விடுவான். மார்லன் யார் என்று தெரியாது. மார்லன் நல்ல பையன். இந்த நாட்டில் எந்த ஊரிலோ, இல்லை பக்கத்து நாட்டிலோ, சுவரில் முட்டை அட்டை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் அம்மா எங்கே இருக்கிறாளோ, அவளுக்காகத்தான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தான் போலிருக்கிறது. அவன் சொன்னது நஹூனுக்கும் பொருந்துமா, பொருந்தாதா, எனக்குத் தெரியாது. இது தெரிந்த பிறகும் நீ வருவதென்றால் வா. பஸ் நிறுத்தத்தில் நான் நிற்பேன், தெல்மா நிற்பாள். மூன்றாவது ஆள் வருவான் என்று மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

இப்போது கர்னல் விஷயம். நஹூன் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் கர்னல் கூவினான். இன்னொரு தரம் அந்தச் சத்தம் கேட்டால் வேலை கிடையாது என்று மேல் அதிகாரி சொல்லிவிட்டாள். தனி உத்தரவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அன்று சாயங்காலம் நஹூன் வாசலில் உட்கார்ந்திருந்தான், ஒன்றும் கேட்கவில்லை. நானே பிடித்தேன், என் கையாலேயே செய்தேன். தெல்மா சூப் வைத்தாள். பையனும் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை. ஆறு வருஷம் என் தோளில் உட்கார்ந்திருந்தவன். அவன் இன்னும் இருப்பதாக யாருக்காவது எழுத வேண்டும் போலிருந்தது, உனக்கு எழுதினேன்.

உனக்கு முதல் கடிதம் எழுதின அன்றைக்கே இந்த வீட்டில் சேவல் இல்லை.

எவாரிஸ்தோ